தொழில் படுத்துக் கிடக்கும் நாளில் முதலாளி மனம் தளராமல் இருப்பது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்துச் சிப்ஸ்காரர்

வணக்கம். மார்த்தாண்டத்திற்கும் களியக்காவிளைக்கும் இடையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் தயாரித்து விற்கும் சிறு தொழிலைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுள் நால்வர் பெண்கள். சரக்கில் முக்கால் பங்கு பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரத்தின் 'சாலைக் கம்போளம்' என்ற சந்தை வரை போகிறது. ஆகவே நான் தமிழ்நாட்டில் குடியிருந்தாலும் என் அடுப்பு எரிவது ஓணத்தை நம்பித்தான்.

அடி வாங்குவது எனக்குப் புதிதன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்து ஏத்தன் தோட்டங்களைத் தரையோடு சாய்த்தபோது காய்க்காக நாங்குநேரி வரை அலைந்தேன். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கி ஓணக் கொண்டாட்டமே ரத்தானபோது, வறுத்து அடுக்கிய சரக்கு காறல் வாடை அடிக்கும்வரை அறையில் கிடந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் வண்டிகள் சோதனைச்சாவடியில் நின்றன. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவை ஒட்டி ஓண வார விழாக்களை மீண்டும் ரத்து செய்தார்கள். இவற்றில் எந்த ஆண்டிலும் நான் இப்போதுபோல் ஒடுங்கிப் போகவில்லை. அவை ஒரே நாளில் எல்லோருக்கும் சேர்ந்து வந்த அடி என்பதால், பக்கத்துக் கடைக்காரரும் நானும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து புலம்பிவிட்டு மறுநாள் எழுந்து போக முடிந்தது.

இப்போது நடப்பது மெல்ல அரிக்கும் கரையானைப் போன்றது. ஒரு கிலோ சிப்ஸ் எடுக்கக் கிட்டத்தட்ட நான்கு கிலோ பச்சைக் காய் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேங்காயெண்ணெய் போய் உட்கார்ந்துவிடும். 2024-இன் நடுவில் 190 ரூபாய்க்கு வாங்கிய எண்ணெய் 2025 ஜூலையில் 400 ரூபாயைத் தாண்டியது. எண்ணெய்க் கணக்கில் மட்டும் கிலோவுக்கு 70 ரூபாய் கூடியிருக்க, கடைகளில் நான் ஏற்ற முடிந்தது 40 ரூபாய். மாதம் 1,200 கிலோ போடும் எனக்கு இந்த இடைவெளி 36,000 ரூபாயாகத் தெரிகிறது. இதோடு, கடைக்காரர்கள் "அடுத்த வண்டியில் தருகிறேன்" என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கும் பாக்கி வேறு.

பாமாயிலைக் கலந்துவிடுங்கள் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். 2024 செப்டம்பரில் இறக்குமதி வரி கூடியபின் பாமாயிலும் முன்போல் மலிவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், பாறசாலைக் கடைக்குள் நுழைந்தவுடன் "வெளிச்செண்ணெய் (தேங்காயெண்ணெய்) தானே?" என்று கேட்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

கேள்விக்கு வருகிறேன். காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே களைத்துவிடுகிறேன். வேலை செய்பவர்களுக்கு முன்னால் சிரித்த முகத்துடன் நடமாடுகிறேன், அந்தச் சிரிப்பே மாலைக்குள் என்னைப் பாதி தின்றுவிடுகிறது. "நேர்மறையாகச் சிந்தியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் தினமும் சூரியோதயப் படம் அனுப்பும் உறவினரைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. தொழில் நடத்தும் நீங்கள் இத்தகைய காலத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: குமுளி ஏலக்காய் வியாபாரி

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு எண்ணெய் எப்படியோ, எனக்கு ஏலக்காய் விலை அப்படி.

என் பெரிய இழப்பு விலை சரிந்த ஆண்டில் நேர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விலை உச்சத்தில் இருந்த ஆண்டில் நேர்ந்தது. 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்து வரத்து குறைந்ததால், 2019 ஆகஸ்டில் அந்த மாவட்டத்துப் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலை நிலைத்துவிடும் என்று நம்பி நான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன், வண்டி வாங்கினேன், கிடங்கைப் பெரிதாக்கினேன். 2022-இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது குத்தகைத் தொகை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அப்போது நான் எழுந்ததும் தேடியது கைபேசியில் வரும் ஏல விலையைத்தான். பத்து ரூபாய் ஏறினால் காப்பி இனிக்கும். பத்து ரூபாய் இறங்கினால் பிள்ளைகள் மீது எரிந்து விழுவேன். போடியில் ஏல அறையில் உட்கார்ந்து திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், எனக்கு விற்க ஒரு மூட்டைகூட இல்லாத நாளிலும் நெஞ்சு படபடப்பதைக் கவனித்தேன். அந்த எண்ணால் அன்று எனக்கு ஐந்து காசு லாபமுமில்லை, நட்டமுமில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வலிந்து உண்டாக்கிக்கொண்டேன். விற்கவோ வாங்கவோ இல்லாத நாளில் மாலை ஐந்து மணிக்கு முன் விலையைப் பார்ப்பதில்லை. காலையின் முதல் அரை மணி நேரத்தைப் பற்று வரவு ஏட்டுக்குக் கொடுத்தேன்: இன்று கையில் எவ்வளவு, இந்த வாரம் யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்ற மூன்றை மட்டும் கையால் எழுதுவேன். முதல் வாரம் வயிற்றைக் கலக்கியது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இரவில் கண்ணை மூடினால் பூதாகாரமாக வளரும் கடன், தாளில் எழுதியதும் ஒரு குறிப்பிட்ட தொகையாகச் சுருங்கிவிடுகிறது, அதற்குமேல் வளர்வதில்லை. எனக்குத் தூக்கம் திரும்பியது விலை ஏறியதால் அன்று, அந்த ஏட்டால்தான். விலை ஏறியது அதற்கு வெகு காலம் கழித்து.

எண்ணெய் விலையை உங்களால் இறக்க முடியாது. எந்தக் கடை உங்கள் பணத்தில் தன் தொழிலை நடத்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க உங்களால் முடியும். கடைவாரியாக ஒரு தனித் தாள் போட்டுப் பாருங்கள். நீங்கள் நல்லவர் என்று நினைத்த சிலர் அந்தத் தாளில் வேறு முகம் காட்டுவார்கள்.

மறுமொழி 2: பாலக்காட்டிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

அன்பருக்கு வணக்கம். சிறுதொழில் கடன் மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மனத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மனத்தைக் கெடுக்கும் இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வங்கிக்குப் போக வெட்கப்படுதல். என் அனுபவத்தில், தொழில் சரியத் தொடங்கிய வாடிக்கையாளர் முதலில் செய்வது கிளைப் பக்கம் வருவதை நிறுத்துவதுதான். தவணை தவறிய முதல் நாளிலிருந்தே உங்கள் கணக்கு கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறது. 30 நாள், 60 நாள் என்று படிப்படியாக நிலை மாறி, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகிறது. அதற்குப் பிறகு மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவருடைய கை கட்டப்பட்டுவிடும். கொரோனாக் காலத்தில் பாக்கியில் 20 விழுக்காட்டைக் கூடுதல் கடனாகத் தந்து, அசலுக்கு ஓராண்டு விலக்கும் அளித்தார்கள்; அதைப் போன்ற பொதுச் சலுகை மீண்டும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2015 மே மாதத்தில் அறிவித்து, ரிசர்வ் வங்கி 2016-இல் வங்கிகளுக்கு விதித்த சிறுதொழில் மறுசீரமைப்பு நெறிமுறை ஒன்று இருக்கிறது. 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அது பொருந்தும். தொழில் தவறிவிடும் என்று நியாயமாக அஞ்சும் உரிமையாளர் தாமே விண்ணப்பிக்கலாம் என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? தவணை தவறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதம் 36,000 ரூபாய் இடைவெளி என்று நீங்கள் இங்கே எழுதிய அதே கணக்கை ஒரு தாளில் எழுதி, எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். கணக்கோடு வருபவரை மேலாளர்கள் வேறு கண்ணால்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, கடைப் பாக்கி. நீங்கள் சரக்கைத் தயாரித்து விற்பவர், வாங்கி விற்பவர் அல்லர். ஆகவே உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு தொழில் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். பதிவு செய்த பிறகு அனுப்பிய சரக்குக்குத்தான் உறுதியான பிடி கிடைக்கும் என்பதால், பதிவு இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் இணையதளம் போலியானது. 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டி நிறுத்திவைத்த பணத்தை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். விற்பனையில் ஒரு பங்கை லாபமாக அனுமானித்து வரி கட்டும் சின்னக் கடைக்காரரை இது தொடாது. சாலைக் கம்போளத்து மொத்த வியாபாரியின் கணக்காயருக்கு இது நன்றாகவே தெரியும்.

வழக்குப் போடச் சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் கெடுவையும் அச்சிட்டாலே பல பேருக்குப் பணம் நினைவுக்கு வரும்.

மறுமொழி 3: புளியரைக்காரன்

எல்லோரும் தாக்குப்பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் மூடியவன். செங்கோட்டைப் பக்கம் செங்கற்சூளை வைத்து ஆரியங்காவு வழியாகக் கல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மூன்று ஆண்டுகள் கூடுதலாக இழுத்தேன், அந்த மூன்று ஆண்டுகள்தான் என் நிலத்தைத் தின்றன. முதல் ஆண்டிலேயே மூடியிருந்தால் இன்று ஒரு வயலாவது மிஞ்சியிருக்கும். எனவே ஐயா, எந்தத் தொகை வரை போனால் நிறுத்துவீர்கள் என்பதை மனம் தெளிவாக இருக்கும் இன்றே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நம்பிக்கை உள்ளவருக்கும் எல்லைக் கல் வேண்டும். இப்போது நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், கடன் இல்லை.

மறுமொழி 4: பாறசாலை அக்கா

அண்ணன், உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைத் தைத்தது: வேலையாட்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறீர்களா?

எங்களுக்குச் சொந்தமாக ஹாலோ பிளாக் பட்டறை இருக்கிறது. ஒரு காலத்தில் என் கணவர் பதினொரு மாதம் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணத்திற்குப் புறப்படும்போது பீரோவைத் திறந்தால் வளையல் பெட்டி லேசாக இருந்தது. பெட்டிக்குள் துணியைச் சுருட்டி வைத்திருந்தார், கனம் தெரியட்டும் என்று. அந்தத் துணிச் சுருளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது நகைக்காக என்று அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நகை அடகுக்குப் போனதுகூடப் பரவாயில்லை, அதைத் தாண்டிக் கந்துவட்டிக்கும் போயிருந்தார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே சட்டம் இருக்கிறது, கேரளத்திலும் 2014-இல் 'ஆபரேஷன் குபேரா' என்று போலீசார் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். இருந்தும் வாசலில் நிற்பவனுக்கு முன்னால் சட்டம் நினைவுக்கு வராது, மானம்தான் நினைவுக்கு வரும். அந்த மானத்தைத்தான் அவர்கள் ஈடாகப் பிடித்து வைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பிறகு நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கணக்கை நான் எழுதத் தொடங்கினேன். வேலைக்காரர்களிடம் "இந்த மாதம் சம்பளம் ஏழாம் தேதிக்குப் பதில் பன்னிரண்டாம் தேதி வரும், முழுதாக வரும்" என்று நேராகச் சொன்னேன். ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. அவர்களுக்கு எங்கள் நிலைமை எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சிமெண்ட் மூட்டை எத்தனை இறங்குகிறது என்று எண்ணுபவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? உங்களிடம் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் எண்ணெய் டின் எத்தனை வருகிறது என்பது தெரியும், அண்ணன். நீங்கள் சிரிப்பதைப் பார்த்து அவர்கள்தான் பயந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், "நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகும்" என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும், அதைத் தொழில் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் இரவிலும் ஆள் பேசுவார்கள், கட்டணமில்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். என் கணவர் இரண்டு முறை பேசினார். முதல் முறை பேசாமல் அழுதார் என்று பின்னால் சொன்னார்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரம் கழித்து

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாமல் இருந்ததுதான்.

முதலில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் "ஓணத்துக்கு முன்பே தெரியும்" என்றாள். அதற்குமேல் அன்று பேச்சு ஓடவில்லை. மறுநாள் கடைவாரியாகத் தாள் போட்டபோது, 31 கடைகளில் ஒன்பது கடைகள் மட்டுமே என் பாக்கியில் முக்கால் பங்கைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. அந்த ஒன்பதில் மூன்று கடைகள், பண்டிகைக்கு என்னை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடும் கடைகள். இரண்டு கடைகளுக்கு ரொக்கம் தந்தால்தான் சரக்கு என்று நிறுத்தியிருக்கிறேன்; ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், மற்றவர் பாதியைக் கட்டிவிட்டார்.

வேலை செய்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எண்ணெய் பில்லையும் விற்பனை பில்லையும் முன்னால் வைத்தேன். சரக்கு வறுக்கும் மாஸ்டர் ஒன்றும் பேசாமல் வார்ப்புச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாறு ஆண்டுகளாகக் காய் சீவும் பெண்மணிதான், மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கை வறுத்து, எந்த எண்ணெயில் பொரித்தது என்பதை உறையின் மேலேயே பெரிதாக அச்சிட்டு, மலிவு விலையில் இங்கேயே குலசேகரம், அருமனைப் பக்கத்துக் கடைகளுக்குப் போடலாமே என்றார். ஏத்தங்காய் தேங்காயெண்ணெயிலேயே இருக்கட்டும், கிழங்கு வேறு வரிசையாக, வேறு வார்ப்பில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு வாரமாகப் போடுகிறோம். லாபம் என்று சொல்லும்படி இல்லை, ஆனால் பகலில் அடுப்பு சும்மா இருக்கும் நேரம் குறைந்திருக்கிறது. புளியரைக்காரர் சொன்னபடி எல்லைத் தொகையையும் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டேன். விஷு வரை பார்ப்பதாக அதில் இருக்கிறது.

நேற்று மாலை மஞ்சளும் உப்பும் கரைத்த நீரை மாஸ்டர் கொதிக்கும் எண்ணெயில் தெளித்தபோது எழுந்த சொர்ரென்ற இரைச்சலை நின்று கேட்டேன். பல மாதங்களாக அந்த ஓசை என் காதில் எண்ணெய் செலவாகும் ஓசையாகவே விழுந்துகொண்டிருந்தது. நேற்று அதில் காய் வெந்து மொறுமொறுப்பாகும் பதம் கேட்டது.

வங்கிக்கு அடுத்த திங்கட்கிழமை போகிறேன். உத்யம் பதிவு செய்து பில்லிலும் அச்சடித்துவிட்டேன். பாலக்காட்டு ஐயாவிடம் ஒரே ஓர் ஐயம்: அந்தப் பதினைந்து நாள் பில் போட்ட தேதியிலிருந்து தொடங்குகிறதா, சரக்கு கடையில் இறங்கிய நாளிலிருந்தா?

மறுமொழி: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

சரக்கைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் அவர் குறை எதையும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், இறங்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் கொள்ளும். ஆகவே வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பும் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிவரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போகும்போது அந்தக் கடைவாரித் தாளையும் எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.